நீர் வற்றும்போது தெரியும் ஊர்

போரின் கடைசி மாதங்களில் எமது பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிய பைகளைப் பற்றி நாம் பலமுறை கதைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அடையாள அட்டை, ஒரு சோடித் தோடு ஆகியவை அதற்குள் இருந்தன. அந்தப் பையையும் தவறவிட்டவர்கள் பலர். வவுனியாவுக்கு அண்மையில் வசிக்கும் எனது தோழியும் அவர்களில் ஒருத்தி. 2009இல் அவள் இழந்த பைக்குள் தாயாரின் பத்திரங்களும் இருந்தன.

தோழியின் தாயார் 1950ஆம் ஆண்டு மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தின்போது மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தார். அவ்வாறு வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இன்றும் நிறைய உண்டு. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருடைய அம்மாவும் அம்மம்மாவும் அப்படி வந்தவர்களாக இருக்கலாம். அந்தத் தாயார் வாழ்நாள் முழுவதும் கேட்ட வசை "கள்ளத்தோணி" என்பது. அவர் இறந்த பிறகு தோழி என்னிடம் சொன்னாள்:

"அக்கா, காணிக்காகவும் இல்லை, காசுக்காகவும் இல்லை. எங்கட அம்மா இந்த நாட்டிலதான் பிறந்தவ என்று ஒரு துண்டுக் காகிதம் எனக்கு வேணும்."

பிறப்புப் பதிவின் பிரதியைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். தாயார் வழக்கமாகச் சொல்லும் தோட்டப் பெயரைக் கொடுத்தோம். அப்படி ஒரு தோட்டமே தங்கள் பதிவேட்டில் இல்லை என்றார்கள். தோழி அழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எவருடனும் கதைக்காமல் இருந்தாள்.

அதன் பிறகுதான் பழைய வரைபடம் ஒன்றைத் தேடிப் பார்க்கும் யோசனை வந்தது.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அது நாடு முழுவதையும் அளந்து, 72 தாள்களில் படமாக வெளியிட்டது. தரையில் ஒரு மைல் தூரம் தாளில் ஒரு அங்குலம். அதனால் அதை "ஒரு அங்குலப் படம்" என்பார்கள். பழைய தாள்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்திலும் சில நூலகங்களிலும் இருக்கின்றன. வெளிநாட்டு நூலகங்கள் சில இவற்றைப் படமெடுத்து இணையத்திலும் வைத்திருக்கின்றன. மஸ்கெலியாப் பகுதி அடங்கிய பழைய தாள் ஒன்றின் பிரதியையும், பின்னாளில் வந்த 1:50,000 அளவுப் படத்தின் பிரதியையும் பெற்றுக்கொண்டோம். இரண்டையும் மேசையில் விரித்தபோது தோழிதான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, இதில குளமே இல்லை!"

புதிய படத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நீல நிறத்தில் கைவிரல்களைப் போலப் பரந்து கிடக்கிறது. பழைய படத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதில் மஸ்கெலியா ஓயா வளைந்து ஓடுகிறது. ஆற்றை ஒட்டிப் பாதை, பாதையை ஒட்டி மஸ்கெலியா நகரம்.

மஸ்கெலியாவின் ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1960களின் இறுதியில் மவுசாக்கலை அணைக்கட்டு முடிந்தது. நீர் ஏறியபோது பழைய நகரம் மூழ்கியது. கடைகளும் வீடுகளும் வணக்கத்தலங்களும் போயின. இன்று நாம் மஸ்கெலியா என்று பஸ்ஸில் போய் இறங்கும் நகரம், அதன் பிறகு மேட்டில் எழுந்த நகரம். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய சண்முகநாதர் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் ஒரு விகாரையும் மீண்டும் வெளியே தெரியும். அதைப் பார்க்க மக்கள் திரள்வதாகப் பத்திரிகைகளில் செய்தி வரும்.

தாயார் தனது பிறந்த இடத்தைப் பற்றிச் சொன்னவற்றில் மூன்று விடயங்கள் தோழிக்கு மனப்பாடம். லயத்து இஸ்தோப்பில் நின்றால் டவுன் கோயில் மணி கேட்கும். டவுனுக்குப் போவதானால் பாலத்தைக் கடக்க வேண்டும். சிவனொளிபாதமலைக் காலத்தில் மலை உச்சிவரை ஏறும் விளக்குகள் இரவில் தெரியும். சிறு வயதில் இவற்றைக் கதையாகக் கேட்டவள், இப்போது படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

மணிச்சத்தம் எவ்வளவு தூரம் போகும்? பள்ளத்தாக்கில், அமைதியான காலையில், ஒரு மைல் என்று வைத்துக்கொண்டோம். பழைய நகரத்தை நடுவாக வைத்து, ஓர் அங்குல ஆரையில் பென்சிலால் வட்டம் கீறினோம். ஆற்றுக்கு இப்பால் நகரம் இருந்தது. ஆகவே லயம் அப்பால் இருக்க வேண்டும். வட்டத்தில் பாதி கழிந்தது. மலை விளக்குகள் தெரிய வேண்டுமானால் நடுவில் உயர்ந்த மேடு இருக்கக்கூடாது. படத்தில் உள்ள உயரக் கோடுகளைப் பார்த்து இன்னும் ஒரு பகுதியைக் கழித்தோம். எஞ்சிய இடத்தில் ஒரே ஒரு தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே ஆற்றோரமாக மூன்று சின்னக் கறுப்புக் கோடுகள்.

இங்கே நாம் ஒரு பிழையும் விட்டோம். பழைய படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி கீறி, அதை அப்படியே புதிய படத்தின் மேல் வைத்தோம். இடம் மாறிப் போய், லயம் நீர்த்தேக்கத்தின் மறுபக்கம் ஏறி நின்றது. அரைநாள் குழம்பிய பிறகுதான் அளவு வேறு என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு கிலோமீற்றர் தூரம் புதிய படத்தில் நான்கு சென்ரிமீற்றர். பழைய படத்தில் மூன்றை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மலை உச்சி, பாதைச் சந்தி போன்ற மாறாத இடங்களை இரண்டு படத்திலும் பிடித்து, அங்கிருந்து தூரத்தைக் கணக்கிட்டபோது சரியாக வந்தது. மூன்று கோடுகளில் இரண்டு நீலத்துக்குள் போய்விட்டன. மூன்றாவது நீரின் விளிம்பில் நின்றது.

ஒரு மார்ச் மாதத்தில் இருவரும் புறப்பட்டோம்.

வவுனியாவிலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் பஸ். இந்த வீதியை எம்மில் அறியாதவர் யார்? மூடிய வீதியாகவும் திறந்த வீதியாகவும் இடம்பெயர்ந்த வீதியாகவும் அதை அறிவோம். ஆனால் மதவாச்சிச் சந்தியில் பஸ் நின்றபோது தோழி இன்னொரு கதையைச் சொன்னாள். தலைமன்னாரிலிருந்து வரும் பாதை அங்கேதான் ஏ9ஐத் தொடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத்து மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைத்து 2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. 1977இல் தோழியின் தாயார் கைக்குழந்தையுடன் வந்தது அதே பாதையில், எதிர்த் திசையில்.

கண்டியில் புகையிரதம் ஏறினோம். புகையிரதப் பாதை கண்டிக்கு வந்தது 1867இல். அதே ஆண்டுதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். நாவலப்பிட்டிக்கு 1874இல், ஹற்றனுக்கு 1884இல் பாதை போடப்பட்டது. இதற்கிடையில் கோப்பியை இலைநோய் அழித்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்திருந்தது. வழியில் கம்பளையைக் கடந்தோம். அதற்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். துரைமாரின் பங்களாக்களைச் சுற்றுலா விடுதிகளாக்கிப் பேணுவோர் பலர். லயத்தையும் பேண வேண்டிய ஒரு கட்டடமாக எண்ணியது பெரிய காரியம்.

ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு பஸ். ஜன்னலோரம் பெயர்ப்பலகைகள் ஓடின. அந்தப் பகுதித் தோட்டங்களின் பெயர்களைக் கேளுங்கள்: ஸ்ட்ரத்ஸ்பே, கார்ட்மோர், டீசைட், கிளென்டில்ட். எல்லாம் ஸ்கொட்லாந்தின் ஊர், ஆற்றுப் பெயர்கள். மொக்கா என்றும் ஒரு தோட்டம் உண்டு. அது யேமன் நாட்டுக் கோப்பித் துறைமுகத்தின் பெயர். கோப்பி போய் 100 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் பெயர் மட்டும் நிற்கிறது. ஆனால் இந்தப் பெயர்கள் காகிதத்துப் பெயர்கள். தோட்டத்து மக்கள் தமக்கென்று வேறு பெயர்களை வைத்திருந்தார்கள். ஒரு கங்காணியின் பெயரால், ஒரு மரத்தால், ஆற்றால், பள்ளத்தால் வந்த பெயர்கள். படம் வரைந்தவர்கள் துரையிடம் கேட்டு எழுதினார்கள். தாய் தன் மகளுக்குச் சொன்னது லயத்தில் வழங்கிய பெயர்.

நாம் தேடிய தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே சந்தித்தவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

படத்தில் இருந்த மூன்றாவது கோடு இன்னும் கட்டடமாகவே நின்றது. கருங்கல் சுவர், துருப்பிடித்த தகரம், கூரை பறக்காமல் இருக்க வைத்த கற்கள். ஒரு வரிசையில் பத்துக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு. கோடியில் பீலித் தண்ணீர். வரைபடத்தில் இந்த லயத்தை உண்மையான அளவில் கீறினால் அரை மில்லிமீற்றர்தான் வரும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சற்றுப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் பத்துக் குடும்பங்கள் இருந்தன என்பதைப் படம் சொல்லாது.

இஸ்தோப்பில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க தாயி, ஒக்காருங்க. எந்த ஊரு?"

வவுனியா என்றோம். தோழி தாயாரின் பெயரைச் சொல்லவில்லை. முதலில் தாயார் சொன்ன தோட்டப் பெயரைச் சொன்னாள். பாட்டி உடனே கையை நீட்டினார்.

"அது தோட்டத்துப் பேரு இல்ல புள்ள. பணியக் கணக்குக்கு நாங்க வச்ச பேரு. அந்தா, தண்ணிக்குள்ள கெடக்கே, அதுதான்."

தோட்டத்தின் கீழ்ப்பிரிவைத்தான் அவர் பணியக் கணக்கு என்றார். அலுவலகத்தில் "இல்லை" என்று சொல்லப்பட்ட பெயர், அந்த முழுத் தோட்டத்தில் ஒரு பிரிவுக்கு மக்கள் வைத்த பெயர். பதிவேட்டில் இருப்பதோ ஆங்கிலப் பெயர். இரண்டையும் இணைத்துச் சொல்ல ஒரு படமும் ஒரு பாட்டியும் தேவைப்பட்டார்கள்.

அதன் பிறகுதான் தோழி தாயாரின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்னாள். பாட்டி அவளது முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் பேத்தியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். தண்ணீர் ஏறப்போகிறது என்று சொல்லி, கீழ் லயத்தாரை மேலே அனுப்பிய நாட்களைச் சொன்னார். சட்டிபானைகளையும் கோழிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு ஏறினார்களாம். உன் அம்மா சாமிப் படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள் என்றார். பிறகு சில நாட்கள் எல்லோரும் இந்த இஸ்தோப்பில் நின்று, தண்ணீர் தங்கள் வாசலுக்குள் போவதைப் பார்த்திருக்கிறார்கள்.

"மணிச் சத்தம் நின்னு போனதுதான் எங்களுக்கு ரொம்ப நாளு பழகல," என்றார் பாட்டி.

மாலையில் பாட்டியின் பேத்தி எம்மைக் கீழே கூட்டிப்போனாள். அந்த மாதம் நீர் நன்றாக இறங்கியிருந்தது. வெடித்துக் காய்ந்த சேற்றின் நடுவே வரிசையாகக் கருங்கற்கள் தெரிந்தன. ஒரு லயத்தின் அத்திவாரம். பத்தடிக்கு ஒரு குறுக்குச் சுவர். எத்தனையாவது காம்பராவில் தாயார் பிறந்தார் என்பது பாட்டிக்கும் நினைவில்லை. தோழி ஒரு கோடியில் தொடங்கி ஒவ்வொரு காம்பராவாக மறு கோடி வரை நடந்தாள். எங்கோ ஓரிடத்தில் அம்மா பிறந்த தரையை மிதித்திருப்பேன் என்று பின்னர் சொன்னாள்.

திரும்பி வந்து, தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் பிறந்த ஆண்டையும் குறித்து மீண்டும் விண்ணப்பித்தோம். சில வாரங்களில் பிரதி தபாலில் வந்தது. பிறந்த இடம்: அந்தத் தோட்டம், மஸ்கெலியா. தந்தையின் தொழில்: தொழிலாளி. இனம்: இந்தியத் தமிழர். தாயாரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

"பிறந்த இடம் மஸ்கெலியா, ஆள் இந்தியன். ஒரு தாளுக்குள்ளேயே இரண்டு கதை," என்று தோழி சிரித்தாள். அவள் சிரித்ததன் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. தாயார் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்களது வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறலாம் என்றது அது. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன லயத்தில் இருந்தார் என்று காட்டும் ஒரு காகிதத்துக்காக எத்தனை பேர் அலைந்திருப்பார்கள்!

சகோதரிகளே, மலையகத்தில் வேருள்ளவர்கள் மட்டுமல்ல, வன்னியிலும் கிழக்கிலும் வீடிழந்தவர்களும் இந்தத் தேடலைச் செய்யலாம். நாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், வீட்டில் மூத்தவர்கள் சொல்லும் இடக்குறிப்புகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். எந்தப் பக்கம் சூரியன் உதித்தது, எந்தச் சத்தம் கேட்டது, பாடசாலைக்குப் போக எதைக் கடந்தார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்தவருக்கும் இவை மறப்பதில்லை.

படம் கிடைத்தால் முதலில் ஓரத்தை வாசியுங்கள். அளந்த ஆண்டும் திருத்திய ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வெவ்வேறாக இருக்கும். ஒரு கட்டடம் முந்திய படத்தில் இல்லாமல் அடுத்த படத்தில் இருந்தால், அது அநேகமாக இடைப்பட்ட காலத்தில் எழுந்தது. ஆனால் சிறிய வீடுகளைப் படம் விட்டுவிடும். படத்தில் இல்லாதது நிலத்தில் இல்லாதது என்று எவரும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஓர் இடத்துக்குள்ள எல்லாப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர், பிரிவின் பெயர் என்று எல்லாம் வேண்டும். அலுவலகத்தில் "இல்லை" என்றால், வேறு பெயரில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புப் பதிவின் இலக்கம் தெரியாவிட்டாலும், இடமும் காலமும் தெளிவாக இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவேட்டைத் தேடும்படி விண்ணப்பிக்கலாம். உறுதி தொலைந்தவர்கள் அதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம். காணியின் அளவைப் படம் வேண்டுவோர் நில அளவைத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாக, உங்கள் வீட்டின் படத்தை நீங்களே கீறி வையுங்கள். ஷெல் விழுந்து போன வீடாக இருந்தாலும் சரி, இப்போது இருக்கும் வீடாக இருந்தாலும் சரி. கிணறு எங்கே, வேம்பு எங்கே, யாருடைய வேலி எது, அடுத்த வீட்டில் இருந்தவர்கள் யார் என்று எழுதி, திகதி போடுங்கள்.

தோழி இப்போது ஒரு கொப்பியில் இரண்டு படங்கள் கீறி வைத்திருக்கிறாள். ஒன்று கிளிநொச்சியில் அவர்கள் இழந்த வீடு. மற்றது மூன்று லயங்களும் ஒரு பாலமும் ஒரு கோயிலும் உள்ள பள்ளத்தாக்கு. இரண்டாவது படத்தில் பாட்டியின் பெயரையும் பேத்தியின் பெயரையும் எழுதியிருக்கிறாள். அடுத்த வரட்சிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம்.